ஃபேட்டி லிவர்: கிரேடு எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

ஸ்கேனில் ‘கிரேடு 1’ என்று வந்தால் நிம்மதி, ‘கிரேடு 2’ என்றால் பயம். இரண்டுமே தவறு. கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் தோராயமாகச் சொல்கிறது. ஈரலைக் கெடுப்பதோ அழற்சியும் அது விட்டுப்போகும் தழும்பும். சாதாரண அல்ட்ராசவுண்டில் இவை ஆரம்பத்தில் பிடிபடுவதில்லை.

உடல் பருமனில் இந்த அழற்சி பெரும்பாலும் தொப்பைக் கொழுப்பிலேயே மூள்கிறது. கொழுப்பு செல்கள் அளவுமீறிப் பருத்துச் சில மடியும்போது, மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்கள் அவற்றைச் சூழ்ந்துகொண்டு டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. இவை இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. கொழுப்பைப் பூட்டி வைக்க ஆளில்லாமல் போக, கொழுப்பு அமிலங்கள் ரத்தம் வழியே கல்லீரலில் போய்க் குவிகின்றன. அங்குள்ள குப்ஃபர் செல்களும் (கல்லீரலின் சொந்த மேக்ரோபேஜ்கள்) உசுப்பப்பட்டு, அவற்றின் சமிக்ஞையால் ஸ்டெல்லேட் என்ற கல்லீரல் செல்கள் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைப் படியவிடுகின்றன. அதுதான் தழும்பு.

எண்ணெயை மட்டும் நிறுத்துவது ஏன் போதாது என்பது இதிலிருந்தே புரியும். ஈரல் கொழுப்பில் சுமார் 60 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது. கால் பங்கு, மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் கல்லீரலே தயாரிப்பது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேராக வருவது 15 சதவீத அளவுதான். தட்டு நிறையச் சோறும் சர்க்கரை போட்ட டீயும் தொடர்ந்தால் எண்ணெய்ப் பத்தியத்தால் பெரிய பயனில்லை.

ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதி நார்மல் என்பதும் உத்தரவாதமல்ல. தழும்புக்கு வாய்ப்பு உண்டா என்று பார்க்க ஃபிப்-4 கணக்கு இருக்கிறது: வயதை எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதியின் அளவால் பெருக்குங்கள், ஆயிரங்களில் எழுதிய பிளேட்லெட் எண்ணிக்கையை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதனால் வகுங்கள். வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.1 லட்சம் என்றால் 2496-ஐ (52 × 48) 1680-ஆல் (210 × 8) வகுக்க 1.49. இது 1.3-ஐத் தாண்டிவிட்டதால், ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவை. 65 வயதுக்கு மேல் எல்லை 2.0, 35-க்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது.

மிகவும் கவலை தருவது, ‘அழற்சியைத் தணிக்கும்’ என்று வாங்கி விழுங்கும் மஞ்சள் காப்ஸ்யூல்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்த செறிவூட்டிய குர்குமின் சிலருக்குக் கடுமையான ஈரல் பாதிப்பை உண்டாக்கியிருக்கிறது. சீந்தில் மாத்திரையும் அப்படியே. ஒரு சமிக்ஞையை மட்டும் அடைப்பதில் மருந்தாய்வுகளே தடுமாறியிருக்கின்றன: அழற்சிச் சமிக்ஞையைக் கடத்தும் ஏஎஸ்கே-1 நொதியைத் தடுக்கும் செலோன்செர்டிப் மருந்து, 2019-இல் மூன்றாம் கட்ட ஆய்வுகளில் தழும்பைக் குறைக்கத் தவறியது. சமிக்ஞைகள் பல வழிகளில் வருகின்றன. ஒன்றை அடைத்தால் மற்றவை திறந்தே இருக்கின்றன.

இந்தச் சமிக்ஞைகளின் ஊற்றான தொப்பைக் கொழுப்பைக் குறைப்பது எடைக்குறைப்பு. 80 கிலோ உள்ளவருக்கு 4 கிலோ குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கும். அழற்சி தணிய 6 கிலோவாவது, தழும்பு பின்வாங்க 8 கிலோ அல்லது அதற்கு மேல். அவசரப்பட்டுப் பட்டினி கிடந்தால் கொழுப்பு அமிலங்கள் ஒரேயடியாகக் கல்லீரலில் கொட்டும், பித்தப்பைக் கல்லும் வரலாம். வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ போதும். கொலஸ்ட்ராலுக்குத் தரப்பட்ட ஸ்டாட்டின் மாத்திரையை ஃபேட்டி லிவரைக் காரணம் காட்டி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.