பிக்கப் வாங்கும் முன் டிரைவர் கதவைத் திறந்து பாருங்கள்

அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்க பெட்ரோல் ஹாஃப்-டன் (சாதாரண ரக பிக்கப்) போதுமா, ஹெவி-டியூட்டி (கனரக பிக்கப்) டீசல் வேண்டுமா என்று குழம்பினால், டிரைவர் கதவைத் திறந்து நிலைப்பக்கம் இருக்கும் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டு வரை ஏற்றலாம் என்று அதில் இருக்கும்.

விளம்பரத்தில் வரும் இழுவை எண்ணைவிட இந்த ஏற்று வரம்புதான் முதலில் தீர்ந்துபோகும். கேம்பர் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் கருவி) வழியாக வண்டியின் மேலேயே இறங்குகிறது. 8,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 1,000 போயிற்று; நால்வர் குடும்பம் 600, ஹிட்ச்சின் சொந்த எடை 100. ஆக 1,700. ஸ்டிக்கரில் 1,500 என்று இருந்தால் அந்த எஃப்-150 (ஃபோர்டின் ஹாஃப்-டன் பிக்கப்) உங்களுக்கு ஆகாது. 1,900 என்றால் போதும்; டீசலுக்குக் கூடுதலாகப் பல ஆயிரம் டாலர் கொட்ட வேண்டாம். ஒரே மாடலிலும் சன்ரூஃப், பவர் சீட் என்று ஏற ஏற இந்த எண் குறையும். அதனால் வாங்கப்போகும் அதே வண்டியில் பாருங்கள்.

டீசல் என்றதும் ஏமாறாதீர்கள். எஞ்சினே கனம் என்பதால் முக்கால்-டன் (ஹெவி-டியூட்டியில் சிறிய ரகம்) டீசல் சிலவற்றில் 2,000 பவுண்டுதான் மிஞ்சும்.

பிக்கப்பின் சாமான் தட்டுக்குள்ளேயே இணையும் ஃபிஃப்த்-வீல் டிரெய்லருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அங்கே 20 சதவீதம் போடுங்கள். வண்டியும் ஏற்றியதும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டிய வண்டிகளில் இந்த ஸ்டிக்கர் கட்டாயமில்லை. அடிக்கடி மலையிறக்கம் என்றால், எண் ஒத்துவந்தாலும் எக்ஸாஸ்ட் பிரேக்குக்காகவே (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சின் மூலம் வேகம் குறைக்கும் வசதி) டீசல் எடுக்கலாம்.