வெளிப்படுத்தல் 20-ஐ வீட்டு ஜெபக்கூட்டத்தில் நடத்துவது எப்படி

கடைசி காலத்தைப் பற்றிப் பயமுறுத்தும் வீடியோ ஒன்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டால், அந்த வாரக் கூட்டத்தில் யாராவது கேட்டே தீருவார்கள்: "டீச்சர், ஆயிரவருஷ அரசாட்சின்னா என்ன? அதுல நம்ம இருப்போமா?" மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்களில் பல வருஷமாக வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறேன். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில், கிறிஸ்துவோடு சிலர் ஆயிரம் வருஷம் அரசாளுவதாக வருவதைப் பற்றிய கேள்வி இது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். நாம் பேசாமல் விட்டால், பயத்தை மூலதனமாக வைத்துப் பேசுகிறவர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

முதலில் அதிகாரத்தை முழுவதும் வாசிக்கவிடுங்கள். மொத்தம் பதினைந்து வசனம். நிறுத்தி வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்கட்டும், நடுவில் விளக்கம் வேண்டாம். முடிந்ததும், "இதில் என்ன கேட்டீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். சங்கிலி, பாதாளம், சிங்காசனங்கள், கோகு மாகோகு, அக்கினிக் கடல் என்று ஒவ்வொன்றாக வரும். "ரகசிய வருகை" (விசுவாசிகளைச் சேர்த்துக்கொள்ளக் கிறிஸ்து மறைவாக வருவது), "ஏழு வருஷ உபத்திரவம்" என்றும் சிலர் சொல்வார்கள். அவை எந்த வசனத்தில் இருக்கின்றன என்று தேடச் சொல்லுங்கள். இந்த அதிகாரத்தில் இல்லை. அந்திக்கிறிஸ்து என்ற பெயர் வெளிப்படுத்தின விசேஷம் முழுவதிலுமே இல்லை, யோவானின் நிருபங்களில்தான் இருக்கிறது. அவர்களே தேடிக் கண்டுபிடித்தால் அதன்பின் எதைக் கேட்டாலும் வசனத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள்.

அடுத்தது நாலாம் வசனம். பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். அரசாளுகிறவர்கள் யார்? இயேசுவைப் பற்றிய சாட்சியினிமித்தம் சிரச்சேதம் பண்ணப்பட்டவர்கள். இதை எழுதின யோவான், தானே சாட்சியினிமித்தம் பத்மு தீவில் இருந்ததாக முதல் அதிகாரத்தில் சொல்கிறார். ரோமப் பேரரசு குற்றவாளி என்று தீர்த்து வெட்டிப்போட்டவர்களைத் தேவன் சிங்காசனத்தில் உட்காரவைக்கிறார். நம் திருநெல்வேலிச் சீமைக்கு இது அந்நியமான செய்தியில்லை. 1799-ல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உண்டானதே விசுவாசத்தினிமித்தம் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்குப் புகலிடமாகத்தான். அந்த ஜனங்கள் இந்த வசனத்தை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று கூட்டத்தில் கேட்டுப்பாருங்கள், பெரியவர்கள் தங்கள் குடும்பக் கதையை எடுப்பார்கள். தடுக்காதீர்கள். ஆயிரம் வருஷத்துக்குக் கணக்குப் போடுவதைவிட இதுவே பெரிய பாடம்.

அதற்குப் பிறகு வியாக்கியானங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கோடுகள் கிழியுங்கள், ஒவ்வொன்றிலும் சிலுவை ஒன்று, கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்கு ஒரு வட்டம். முதல் கோட்டில் வட்டத்துக்குப் பின்னால் ஆயிரம் வருஷம்: கிறிஸ்து வந்து பூமியில் அரசாளுவார். இரண்டாம் நூற்றாண்டிலேயே ஐரேனியு போன்ற சபைப் பிதாக்கள் இப்படி நம்பினார்கள். அடுத்த கோட்டில் சிலுவைக்கும் வட்டத்துக்கும் நடுவே உள்ள முழு நீளமும் அந்த ஆயிரம்தான்: கிறிஸ்து இப்போதே ஆளுகிறார், எண் நிறைவைக் குறிக்கிறது. ஒருகாலத்தில் முதல் கருத்தில் இருந்த சபைப் பிதா அகஸ்டின் பிறகு இதற்கு மாறினார். கடைசிக் கோட்டில், சுவிசேஷம் உலகமெங்கும் வெற்றி பெற்று ஒரு நல்ல காலம் வரும், அதற்குப் பின்பே வருகை. நம் பக்கம் இதைச் சொல்வோர் குறைவு.

ரகசிய வருகை, பிறகு உபத்திரவம், பிறகு பகிரங்க வருகை என்று படிப்படியாகச் சொல்லப்படுவது முதல் கோட்டின் ஒரு வகை. 1830-களில் டார்பி என்ற போதகர் அதற்கு உருக்கொடுத்தார், 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் வழியாக அது எங்கும் பரவியது. புதியது என்பதற்காகவே தவறாகிவிடாது. ஆனாலும் அப்போஸ்தலர் காலத்திலிருந்து எல்லாச் சபைகளும் சொன்னது இதுதான் என்று யாராவது பேசினால், அன்பாகத் திருத்துங்கள்.

"நீங்க எந்தப் பக்கம் டீச்சர்?" என்று கேட்பார்கள். நான் இரண்டாம் கோட்டின் பக்கம் சாய்கிறேன், அதைச் சொல்லியும்விடுவேன், மறைப்பது நேர்மையில்லை. அதே மூச்சில் இரண்டாம் நூற்றாண்டு யுஸ்தீன் சொன்னதையும் சொல்லுவேன். அவர் புதிதாகக் கட்டப்பட்ட எருசலேமில் ஆயிரம் வருஷ அரசாட்சி நடக்கும் என்று உறுதியாக நம்பின இரத்தசாட்சி. ஆனாலும், சுத்தமான விசுவாசமுள்ள பல கிறிஸ்தவர்கள் வேறுவிதமாக நினைக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். ஒரே வீட்டில் அக்கா சி.எஸ்.ஐ., தம்பி பெந்தெகொஸ்தே என்று இருக்கிற நம் ஊருக்கு இது மிகவும் தேவை. சபைகள் பொதுவாக ஏற்கும் பழைய விசுவாச அறிக்கையான நிசேயா விசுவாசப் பிரமாணத்தை எல்லாரையும் சேர்ந்து சொல்லச் செய்யுங்கள். கிறிஸ்து மறுபடியும் வருவார், நியாயந்தீர்ப்பார், அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை. ஆயிரம் என்ற எண்ணே அதில் கிடையாது. அதனால் எண்ணைக் குறித்து ஒருவரையொருவர் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

நேரமிருந்தால் ஏசாயா 65-ஐ எடுங்கள். அங்கே நூறு வயதில் சாகிறவனும் உண்டு, அதனால் முதல் கோட்டுக்காரர்கள் இதை ஆயிரவருஷத்தில் வைக்கிறார்கள். மற்றவர்கள் புதிய பூமியின் சித்திரமாக வாசிக்கிறார்கள். "அவர்கள் நாட்டுகிறதும், வேறொருவர் கனிபுசிக்கிறதுமாயிருப்பதில்லை" என்ற இடத்தில் எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் மறுபடி வாசிக்கச் சொன்னார். நெஞ்சில் மரம் உரசிக் காய்த்துப்போன பனையேறி. "நான் ஏறுனது பூராவும் பாட்டத்து மரம் தாயி. பதனி எறக்குனது நான், கருப்பட்டி காய்ச்சுனது என் வீட்டுக்காரி, காசு வேற வீட்டுக்குப் போச்சு. அப்ப, அங்க அப்படி இருக்காதா?" இருக்காது ஐயா என்று சொன்னேன். மூன்றில் எந்தக் கருத்தை ஏற்றாலும் இந்தப் பதில் மாறாது.

தேதி குறிப்பவர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அமெரிக்காவில் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். நம் சீமையில் 1860-ல் அருளப்பன் என்ற ஊழியரின் ஊழியத்தில் எழும்பிய எழுப்புதலின் அலை திருவிதாங்கூருக்கும் போனது, அங்கே ஒரு கூட்டத்தார் 1881-ஐக் குறித்தார்கள். இரண்டும் கடந்துபோயின. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று மத்தேயு 24:36-ஐக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். இருபதாம் அதிகாரம் அக்கினிக் கடலோடு முடிகிறது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள், அண்மையில் துக்கம் நடந்த வீட்டாரும் இருப்பார்கள். அங்கேயே பைபிளை மூடி அனுப்பாதீர்கள். யோவான் அதிகார எண் போட்டு எழுதவில்லை, அவருடைய தரிசனம் தொடர்ந்து போகிறது. மணி எட்டரை ஆனாலும், தேவன் கண்ணீர் யாவையும் துடைப்பார் என்று சொல்கிற 21-ம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை ஒரு பிள்ளையை வைத்து வாசிக்கச் செய்து, ஜெபித்து, அதன்பின் காப்பி கொடுங்கள்.