எம்51 என்ற சுருள் விண்மீன் மண்டலத்தை ஐந்து வகை ஒளியில் பார்ப்பது எப்படி?

தொலைநோக்கி வேண்டாம், கணினியும் இணையமும் போதும். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் வானியல் தரவு மையம் இலவசமாகத் தரும் ‘அலாடின் லைட்’ கருவியை உலாவியில் திறந்துகொள்ளுங்கள். கைபேசியிலும் ஓடும். ஆனால் படத்தின்மேல் படம் வைத்து ஒப்பிடப் பெரிய திரைதான் வசதி.

1. தேடல் பெட்டியில் எம்51 என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். படத் தொகுப்பாக ‘டிஎஸ்எஸ்2 கலர்’ இருக்கட்டும். பழைய புகைப்படத் தகடுகளை ஸ்கேன் செய்து உருவாக்கிய கண்ணுறு ஒளிப் படம் இது. சுருள் கரம் ஒவ்வொன்றின் உள்விளிம்பையும் ஒட்டி ஓடும் கருங்கோடுகளைப் பாருங்கள், அவை தூசு. மையம் வெள்ளையாக எரிந்துபோயிருப்பது தகட்டின் குறை.

2. திரையில் தெரியும் வானப் பரப்பை 15 ஆர்க் நிமிடமாக்குங்கள் (ஓர் ஆர்க் நிமிடம் என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு). எம்51-இன் நீளம் சுமார் 11 ஆர்க் நிமிடம்; வடக்கே ஒட்டியிருக்கும் துணை மண்டலம் என்ஜிசி 5195-உம் உள்ளே வந்துவிட வேண்டும். இதற்குப் பிறகு பெரிதாக்கவோ நகர்த்தவோ கூடாது. அளவு மாறிவிட்டால் ஒப்பீடே பயனற்றுப் போகும்.

3. அடுக்குப் பட்டியலில் ‘கேலக்ஸ்’ தொகுப்பைச் சேருங்கள். இது புற ஊதா. கரங்கள் மணி கோத்ததுபோல் பளிச்சிடும்; அங்கெல்லாம் கடந்த பத்துக் கோடி ஆண்டுக்குள் பிறந்த சூடான விண்மீன்கள். துணை மண்டலமோ கிட்டத்தட்டக் காணாமற்போகும். அதில் இளம் விண்மீன்கள் அரிது. போதாததற்கு எம்51-இன் தூசு நிறைந்த கரம் ஒன்று அதன் முன்னால் குறுக்கிடுகிறது.

4. அடுத்து ‘2மாஸ்’. இது அகச்சிவப்பு, அலைநீளம் 1.25 முதல் 2.17 மைக்ரான் வரை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு). துணை மண்டலம் பிரகாசமாகத் திரும்பி வரும். முதிய, சிவந்த விண்மீன்களின் ஒளி தூசைக் கடந்து வருவதே காரணம். எம்51 மட்டும் சிறுத்துத் தெரியும். மண்டலம் அகச்சிவப்பில் சிறியது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்! அந்த ஆய்வில் ஒரு புள்ளிக்குக் கிடைத்த பதிவு நேரம் 7.8 விநாடிதான், மங்கலான வெளிப்பகுதி வானப் பின்னணியில் மூழ்கிவிட்டது. ‘வைஸ்’ தொகுப்பின் 3.4 மைக்ரான் படத்தில் அது மீண்டும் தெரியும்.

5. அதே ‘வைஸ்’ தொகுப்பில் 12 மைக்ரானுக்கு மாறினால் விண்மீன்கள் பின்வாங்கி, சூடேறிய தூசு ஒளிரும். படம் வெறும் கறுப்பாக வந்தால் ஒளி அளவீட்டை நேர்கோட்டிலிருந்து, மங்கலான பகுதிகளையும் தூக்கிக் காட்டும் ‘asinh’ முறைக்கு மாற்றுங்கள்.

6. வானொலிக்கு ‘என்விஎஸ்எஸ்’, 1.4 கிகாஹெர்ட்ஸ். சுருள் கரைந்து திட்டாகத் தெரியும். இங்கேயும் குறை கருவியுடையதே: அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு 45 ஆர்க் விநாடி (60 ஆர்க் விநாடி ஓர் ஆர்க் நிமிடம்), எம்51-இன் முழு நீளத்துக்கும் பதினைந்து ‘புள்ளி’கூடத் தேறாது.

7. இப்போது டிஎஸ்எஸ்2 மேல் கேலக்ஸை வைத்து, ஒளிபுகும் அளவைப் பாதியாக்கி, பிறகு அந்த அளவை மெல்லக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். முதலில் பார்த்த கருங்கோடுகளுக்குச் சற்று வெளிப்புறமாகவே புற ஊதா மணிகள் உட்காரும். சுழலும் வாயு கரத்தின் உள்விளிம்பில் நெருக்குண்டு தூசோடு திரள்கிறது. அதில் விண்மீன்கள் பிறந்து ஒளிரத் தொடங்குவதற்குள் கரத்தைக் கடந்து சற்று முன்னே போய்விடுகிறது.