பிரேக் கொன்ட்ரோலர் எண்ணில் கைவைக்க முன்

யாழ்ப்பாணத்தில் பெட்டி இழுப்பது புது வித்தை இல்லை. லாண்ட் மாஸ்டரில் தொடங்கி பெரிய உழவு இயந்திரம் வரை, பின்னால் ஒரு பெட்டி இல்லாமல் இங்கே வேலை நடக்காது. மணல், விறகு, கலியாண வீட்டுக் கதிரை எல்லாம் அதில்தான் போகும். அந்தப் பெட்டிகள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. வேகமும் கிடையாது என்பதால் தப்பித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒரு ஹைலக்ஸ் பிக்கப்பின் பின்னால் இரண்டு அச்சு ட்ரெயிலரைக் கொளுவி, அதில் ஒரு மினி எக்ஸ்கவேட்டரை ஏற்றிக்கொண்டு கண்டி வீதியில் 60 இல் போனால் கதை வேறு. பிரேக்கை மிதிக்கும்போதுதான் பின்னால் எவ்வளவு பாரம் நிற்கிறது என்று தெரியும்.

என் ட்ரெயிலரின் அச்சும் மின் பிரேக்கும், அந்தப் பிரேக்கைப் பிக்கப்பில் இருந்தபடி கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரும் கனடாவில் இருக்கும் மச்சானின் புண்ணியம். அந்தப் பக்கம் சாதாரணமான இந்தச் சாமான் இங்கே அரிது, கேட்டுப் பழக ஆளில்லை. அதனால் கீழே சொல்லும் பிழைகளில் பாதி நானே விட்டவை.

வேலை செய்யும் விதம் சிக்கலானதல்ல. பிரேக்கை மிதித்ததும் கொன்ட்ரோலர் நீல வயர் வழியாக ட்ரெயிலருக்கு மின்சாரம் அனுப்பும். சக்கரத்தோடு சுழலும் ஒவ்வொரு பிரேக் ட்ரமுக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. அது சுழலும் ட்ரமோடு ஒட்டி இழுபட, அதோடு சேர்ந்த நெம்பு, ட்ரமில் உரசி நிறுத்தும் பிரேக் சூவை விரிக்கும். எவ்வளவு மின்சாரம் போகலாம் என்பதற்கு நாம் வைக்கும் உச்ச அளவுதான் கெயின் என்ற அந்த எண்.

மச்சான் வட்ஸ்அப்பில் "ஆறில் வை, நான் அப்படித்தான் ஓடுறன்" என்றான். வைத்தேன். அவனுடைய ஆறு அவனுடைய ட்ரெயிலருக்கும் அவனுடைய பாரத்துக்கும் உரியது. அது ஒரு சமையல் குறிப்பு இல்லை, ஒரு வீட்டு உப்பை இன்னொரு வீட்டுக் கறிக்கு அளந்து போட முடியாது.

எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை இதுதான். வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றுங்கள். காய்ந்த, சமமான, ஆளில்லாத தார் வீதி ஒன்றைப் பாருங்கள், விடியற்காலை நல்லது. முதலில் நாலைந்து தடவை மெதுவாகப் பிரேக் பிடித்து ட்ரமைச் சூடாக்குங்கள், குளிர்ந்த பிரேக் சரியான கணக்குக் காட்டாது. பிறகு 35 இல் ஓடியபடி, காலைப் பிரேக்கில் வைக்காமல், கொன்ட்ரோலரில் இருக்கும் கை லீவரை முழுதாகத் தள்ளுங்கள். ட்ரெயிலர் சோம்பலாக இழுத்தால் எண்ணைக் கொஞ்சம் கூட்டுங்கள். ரயர் பூட்டி வழுக்கினால் குறையுங்கள். பூட்டுவதற்குச் சற்றுக் கீழே நிற்கும் எண்தான் உங்களுடையது. ஓட்டுபவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ரயர்ப் பக்கத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறி, ஒரு தம்பியை வீதியோரத்தில் நிறுத்துங்கள். கோடு சுழலாமல் நின்றால் அவன் கையைக் காட்டுவான். நல்ல பாரம் ஏற்றிய சில ட்ரெயிலர்கள் உச்ச எண்ணிலும் பூட்டாது. உறுதியாக நிறுத்தினால் அது பிழையல்ல.

இவ்வளவு செய்தவர்களும் விடும் பிழை, ஒருமுறை வைத்த எண்ணை அப்படியே விடுவது. கிளிநொச்சியில் எக்ஸ்கவேட்டரை இறக்கிவிட்டு வெறும் ட்ரெயிலரோடு திரும்பிக்கொண்டிருந்தேன். நாவற்குழிப் பக்கம் முன்னால் போன ஓட்டோ சடுதியாக நிற்க, நானும் மிதித்தேன். நாலு ரயரும் பூட்டி, ட்ரெயிலர் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு வந்தது. ஒன்றும் ஆகவில்லை, ரயரில் மட்டும் உள்ளங்கை அளவு தேய்மானம். பாரம் இறங்கினால் எண்ணும் இறங்கவேண்டும். மாரி மழையில் நனைந்த வீதிக்கும் கிறவல் ஒழுங்கைக்கும் அதே கதைதான்.

இனி நான் அதிகம் பார்க்கும், ஆனால் ஆட்கள் ஒத்துக்கொள்ளாத பிழை. பிரேக் குறைகிறது என்றதும் எண்ணைக் கூட்டுவது. எனக்கு முதல் மாதம் ஐந்தரை போதுமாக இருந்தது. பிறகு ஏழு, பிறகு எட்டரை. கொன்ட்ரோலர் பழுதாகிறது என்று மச்சானோடு சண்டை பிடித்தேன், பாவம் அவன். கொன்ட்ரோலரில் ஒரு குறையும் இல்லை. புது பிரேக் சூ தேய்ந்து படியும்போது ட்ரமுக்கும் அதற்கும் இடையே இடைவெளி கூடிவிடும். இந்த ட்ரம் பிரேக்குகளில் தானே இறுக்கிக்கொள்ளும் வகையும் உண்டு, என்னுடையது அப்படியல்ல. முதல் 320 கிலோமீற்றரில் ஒருமுறை, பிறகு ஏறத்தாழ 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை கையால் இறுக்கவேண்டும். சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, பின்தட்டில் உள்ள துளை வழியாக நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, சக்கரம் சுற்றவே கஷ்டப்படும் வரை இறுக்குங்கள். பிறகு லேசான உரசலோடு தாராளமாகச் சுழலும் வரை தளர்த்துங்கள். அதைச் செய்தபின் என் எண் திரும்ப ஐந்தரைக்கு வந்தது.

அப்புறம் எர்த், அதாவது மின்சாரம் பெற்றறிக்குத் திரும்பும் வழி. இங்கே வயரிங் செய்பவர்கள் பலர் எர்த் வயரை மிச்சம் பிடிப்பார்கள், ட்ரெயிலரை வாகனத்தில் கொளுவும் இரும்புக் குண்டே எர்த்தைக் கொண்டுபோகும் என்ற நம்பிக்கையில். லைற் எரியும், அதனால் எல்லாம் சரிபோலத் தோன்றும். ஆனால் ஒரு காந்தம் 3 முதல் 4 அம்பியர் இழுக்கும். நாலு சக்கரத்துக்கு 12 முதல் 16. கிரீசும் கறளும் பூசிய குண்டு வழியாக அவ்வளவு மின்சாரம் ஒழுங்காகத் திரும்பாது. லைற் வயர் தடிப்பில் நீல வயரை இழுத்தாலும் இதே விளைவு, வழியிலேயே வோல்ட் விழுந்துவிடும். நீல வயரின் நடுவே, மின்சாரம் மீற்றர் வழியாகவே போகும்படி தொடராக ஒரு அம்பியர் மீற்றரைப் போட்டு, எண்ணைச் சோதனைக்கு மட்டும் உச்சத்தில் வைத்து லீவரைத் தள்ளிப் பாருங்கள். 12 வரவேண்டிய இடத்தில் 7 வந்தால், எண்ணைக் கூட்டி ஓடாமல் பொருத்துகளைக் கழற்றித் துப்புரவாக்குங்கள். எங்கள் உப்புக் காற்றுக்கு இந்த வேலை வருடத்தில் இரண்டு முறையாவது வரும்.

பூஸ்ட் என்ற இன்னொரு தெரிவும் சில கொன்ட்ரோலர்களில் உண்டு. மிதித்த உடனேயே ட்ரெயிலர் பிரேக் கொஞ்சம் முந்திப் பிடிக்கச் செய்யும் வசதி அது. பிக்கப்பை விடப் பாரமான ட்ரெயிலருக்கு உதவும். கெயினைச் சரிசெய்ய முன் இதைத் தொட்டால் இரண்டும் குழம்பி, எது எதைச் செய்கிறது என்றே விளங்காது.

பொருத்துவதில் ஒரு எச்சரிக்கை. வேகக் குறைவை உணர்ந்து வேலை செய்யும் கொன்ட்ரோலர்களை வாகனம் போகும் திசைக்கு நேராக, ஆட்டம் இல்லாமல் பூட்டவேண்டும். டாஷ்போர்ட்டில் இரட்டை ஒட்டு ரேப்பால் ஒட்டுவது சரிவராது. இன்னொன்று, பிக்கப் 12 வோல்ட்தான், ஆனால் இங்கே ஓடும் ஜப்பான் லொறிகள் பல 24. பிக்கப்பில் கழற்றிய கொன்ட்ரோலரை லொறியில் பூட்டிப் பார்க்கும் ஆசை வந்தால், அந்த லொறி எத்தனை வோல்ட் என்று முதலில் பாருங்கள்.

ட்ரெயிலர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் அவசர சுவிட்ச் ஒன்று இருக்கும். அதன் கம்பியைக் கொளுவும் குண்டிலேயே மாட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். குண்டே கழன்றால் அந்தக் கம்பி எதை இழுக்கும்? பிக்கப்பின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். சோதிக்கும்போது ட்ரெயிலர் பிளக்கைக் கழற்றிவிட்டு, கம்பியின் நுனியில் சுவிட்சுக்குள் செருகியிருக்கும் பின்னை (pin) இழுங்கள், இல்லாவிட்டால் கொன்ட்ரோலருக்குக் கேடு. பின்னை இழுத்தபடியே விட்டு ஹாண்ட் பிரேக் போலப் பாவிக்கவும் வேண்டாம், பெற்றறி இறங்கிவிடும், காந்தமும் சூடாகும்.

வல்லை வெளியில் பக்கக் காற்றுக்கு ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கினால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அடக்குங்கள். அக்சிலரேற்றரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கை லீவரை மட்டும் மெதுவாகத் தள்ளினால் ட்ரெயிலர் பின்னுக்கு இழுத்து நேராகும். பதற்றத்திலும் கை தேடாமல் எட்டும் இடத்தில் கொன்ட்ரோலரைப் பூட்டவேண்டும் என்பது இதற்காகத்தான்.

எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் மதவுதான். அதனால் தம்புள்ளை தாண்டி மாத்தளைப் பக்கம் போகும்போதுதான் பலருக்கு இறக்கம் என்ற ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே எண்ணைக் கூட்டிக்கொண்டு பிரேக்கிலேயே இறங்கினால் ட்ரம் கொதித்து, பிடிமானம் போய்விடும். கியரைக் குறைத்து இறங்கி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள்.

போன மாதம் பருத்தித்துறையிலிருந்து ஒரு அண்ணை வந்தார், படகு இழுக்கும் ட்ரெயிலருக்கும் இதே பிரேக் பூட்டவேண்டுமாம். வேண்டாம் என்றேன். கடலில் சக்கரம் அமிழும் ட்ரெயிலருக்கு, கொளுவியில் வரும் தள்ளுவிசையிலேயே எண்ணெயை அமுக்கிப் பிடிக்கும் பிரேக்தான் பொருந்தும், கொன்ட்ரோலரே தேவையில்லை. அதையும் கரைக்கு ஏற்றியவுடன் நல்ல தண்ணீரால் கழுவவேண்டும் என்றதும், "அப்ப கிணத்தடியிலதான் நிப்பாட்டோணும்" என்று சிரித்துக்கொண்டே போனார்.