மூச்சை எண்ணும் பெல்ட்: நாமே தைத்துப் பார்ப்போம்

கனடாவில் கியூபெக் நகரின் லவால் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஒரு டி-ஷர்ட்டைக் காட்டினார்கள். அதன் மார்பில் தைத்திருந்த, உள்பக்கம் வெள்ளி பூசிய மெல்லிய இழைதான் ஆன்டெனா. மூச்சில் மார்பு விரிந்தால் ஆன்டெனாவின் அலைவரிசை சற்று நகரும்; அதை வைத்து மூச்சை எண்ணினார்கள். அந்த இழைக்கு நாம் எங்கே போவது? இழுத்தால் மின்தடை கூடும் ரப்பர் கயிறு ஆன்லைனில் கிடைக்கிறது. நமக்கு அது போதும்.

வாங்க வேண்டியவை: 2 மி.மீ. தடிமனுள்ள மின்கடத்தும் ரப்பர் கயிறு அரையடி, ஈஎஸ்பி32 போர்டு (ப்ளூடூத், வைஃபை உள்ள குட்டிக் கணினிப் பலகை), சில ரெசிஸ்டர்கள், மல்டிமீட்டர், பவர் பேங்க். அப்புறம் பை தைப்பவர்கள் வாங்கும் நைலான் நாடா, 1 அங்குல எலாஸ்டிக், ஒரு பக்கிள். போர்டு வாங்கும்போது பழைய, சாதா ஈஎஸ்பி32தான் என்று பார்த்து வாங்குங்கள். சி3, எஸ்3 வகைகளில் இங்கே சொல்லும் ப்ளூடூத் முறை ஓடாது.

முதலில் தையல். நான் தடுக்கி விழுந்த இடமும் இதுதான். முதல் பெல்ட்டை முழுக்க எலாஸ்டிக்கில் தைத்தேன். போட்டுக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டாலும் கிராஃபில் நேர்கோடுதான். இரண்டு நாள் ப்ரோக்ராமைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு துணியில் இருந்தது. சாதாரண மூச்சில் மார்புச் சுற்றளவு கூடுவதே சில மில்லிமீட்டர். அதையும் பெல்ட் முழுக்கப் பங்கு போட்டுக்கொண்டால் கயிற்றுக்கு என்ன மிஞ்சும்?

அதனால் பெல்ட்டை நீளாத நைலான் நாடாவில் தைத்து, முன்பக்கம் 4 அங்குலம் மட்டும் எலாஸ்டிக் வையுங்கள். அதன் மேலேயே கயிறு போகட்டும். கயிற்றின் இரு முனைகளும் நைலான் பகுதியில் பிடிபட வேண்டும், தொய்வு கூடாது. ரப்பரில் சால்டரிங் வேண்டாம், கருகிவிடும். எலக்ட்ரீஷியன்கள் ஒயர் முனையில் போடும் சின்ன லக்கை முனைகளில் அழுத்திப் பொருத்தி, அந்த லக்கை நாடாவோடு சேர்த்துத் தையுங்கள்.

சரி, இப்போது பெல்ட்டை மார்புக்குக் கீழே, கடைசி விலா எலும்புகள் இருக்கும் இடத்தில் கட்டிக்கொண்டு மல்டிமீட்டரில் கயிற்றின் மின்தடையை அளந்து பாருங்கள். 1500 ஓம் பக்கம் வரலாம். என்ன வருகிறதோ அதற்கு நெருக்கமான ரெசிஸ்டரை எடுங்கள். ரெசிஸ்டரின் ஒரு முனை போர்டின் 3.3 வோல்ட் பின்னுக்கு, மறு முனையும் கயிற்றின் ஒரு முனையும் சேர்ந்து 34ஆம் பின்னுக்கு, கயிற்றின் மறு முனை கிரவுண்டுக்கு (GND என்ற பின்). வேலை முடிந்தது. பின்னால் வைஃபைக்கு மாறினாலும் 34 கைவிடாது. வைஃபை ஓடும்போது அளக்க மறுக்கும் பின்கள் சில உண்டு.

போர்டு 0 முதல் 4095 வரை எண் தரும். உங்களுக்கு 2000 பக்கம் வந்தால் நல்லது. மூச்சை இழுத்தால் எண் ஏறும், விட்டால் இறங்கும். ஆர்டுவினோவில் (போர்டுக்கு ப்ரோக்ராம் எழுதும் மென்பொருள்) எழுதி, நொடிக்கு 20 முறை அந்த எண்ணைப் படித்து, ப்ளூடூத் சீரியல் வழியாகப் போனுக்கு அனுப்புங்கள்.

எண்ணுவதில் ஒரு சிக்கல். ரப்பர் சோம்பேறி. இழுத்து விட்டால் உடனே பழைய அளவுக்குத் திரும்பாது. ஆகவே "2050ஐத் தாண்டினால் ஒரு மூச்சு" என்று எழுதினால் ஐந்து நிமிடத்தில் கணக்கு தப்பும். இரண்டு சராசரி வையுங்கள்: கடைசி அரை நொடிக்கு ஒன்று, கடைசி 10 நொடிக்கு ஒன்று. சின்ன சராசரி பெரியதைக் கொஞ்சம் தாண்டி ஏறும்போது ஒரு மூச்சு. அது மறுபடி கீழே இறங்கும்வரை அடுத்ததை எண்ண வேண்டாம்.

சோதிக்க, நாற்காலியில் பேசாமல் உட்காருங்கள். வேறொருவர் உங்கள் வயிற்றைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணட்டும். நீங்களே எண்ணினால் மூச்சு மாறிவிடும். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை வருவது வழக்கம். இரண்டு கணக்கும் ஒன்றிரண்டுக்குள் ஒத்துப்போனால் பெல்ட் சரி. நடந்தால், சிரித்தால் கோடு தாறுமாறாகும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கோ குழந்தைக்கோ இதைக் கட்டி நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். இது மருத்துவக் கருவி அல்ல.

பவர் பேங்க் தானாக அணைந்தால் போர்டைச் சந்தேகிக்காதீர்கள். குறைந்த மின்சாரம் இழுத்தால் சில பவர் பேங்குகள் தூங்கிவிடும். வேறொன்றை மாற்றிப் பாருங்கள்.