பனீர் அடைத்து பேக் செய்த பேரீச்சம்பழம்

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகு பஜ்ஜி போட அடுப்படிக்குப் போனால், அவர்களோடு பேசவே நேரம் கிடைக்காது. இந்த ஸ்டார்ட்டரைக் காலையிலேயே தயார் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். ஆட்கள் வந்ததும் ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் போதும். ஸ்பெயினில் பேரீச்சைக்குள் பாதாம் வைத்து, மேலே பன்றி இறைச்சித் துண்டைச் சுற்றிச் சுட்டுத் தருவார்கள். அங்கே இறைச்சியின் உப்பு பழத்தின் இனிப்பை அடக்குகிறது. நம் சைவப் பக்குவத்தில் அந்த வேலையைப் பனீரும் சீஸும் செய்யும்.

ஏழெட்டுப் பேருக்கு 20 பேரீச்சம்பழம் போதும். அதோடு பனீர் 100 கிராம், சீஸ் க்யூப் 1, பாதாம் 20, மிளகு அரை டீஸ்பூன், சில்லி ஃப்ளேக்ஸ் கால் டீஸ்பூன், உப்பு, உருக்கிய நெய் ஒரு டேபிள்ஸ்பூன்.

பழம் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். பாக்கெட்டில் அழுத்திக் கட்டியாக வரும் பழம் இதற்கு ஆகாது, கீறினாலே பிய்ந்துவிடும். மெட்ஜூல் வகை பெரிதாக, சதைப்பற்றோடு இருக்கும். விலை கூடத்தான், ஆனாலும் விருந்துக்கு அதையே வாங்குங்கள்.

முதலில் பாதாமை 150 டிகிரியில் எட்டு நிமிடம் வறுத்து எடுங்கள். ஓவன் இல்லையென்றால் வெறும் வாணலியில் சிறு தீயில் வறுக்கலாம். பச்சைப் பாதாமை வைத்தால் கடிக்கும்போது அந்த மொறுமொறுப்பு வராது.

அடுத்து பழத்தைக் கீற வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் கீறுவது போலத்தான், ஆனால் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல். கத்தி கொட்டையில் தட்டியதும் நிறுத்திவிடுங்கள். அடிப்பக்கம் அறுந்தால் பூரணம் ஒழுகும். விரலால் மெல்ல விரித்துக் கொட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பாதாமை வையுங்கள்.

பனீரை உதிர்த்து, துருவிய சீஸ், மிளகு, சில்லி ஃப்ளேக்ஸ் சேர்த்து உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துப் பிசையுங்கள். பனீர் சூட்டில் உருகாது, சீஸ்தான் அதைப் பிடித்து வைக்கும். இப்போது உப்பு. சீஸில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, அதனால் சிறிது சிறிதாகப் போட்டு ருசி பாருங்கள். தனியாகச் சாப்பிடும்போது ஒரு கல் தூக்கலாகத் தெரிய வேண்டும். நான் முதல் தடவை நாக்குக்குச் சரியாக இருக்கிறதே என்று நிறுத்திவிட்டேன். பழத்தோடு சேர்ந்ததும் வெறும் இனிப்புப் பலகாரமாகிவிட்டது.

ஒவ்வொரு பழத்திலும் ஒரு டீஸ்பூன் அளவு அடைத்து, மேலே லேசாக மேடு தெரியும்படி விடுங்கள். மேலே நெய் தடவுங்கள். தட்டில் பேக்கிங் பேப்பர் விரித்து, கீறல் மேலே இருக்கும்படி அடுக்குங்கள். மெழுகு பூசிய தாள் ஓவனுக்குக் கூடாது, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

ஓவனை 180 டிகிரியில் பத்து நிமிடம் முன்சூடு செய்துவிட்டு, தட்டை நடு அடுக்கில் வையுங்கள். ஏழாவது நிமிடத்திலிருந்து பக்கத்திலேயே நில்லுங்கள். பழத்தின் தோல் மெல்ல உப்பிப் பளபளக்கும், ஓரத்தில் பாகு சின்னச் சின்னக் குமிழாகக் கொதிக்கும், பனீர் மேட்டில் அங்கங்கே பொன்னிறம் ஏறும். அப்போதே எடுத்துவிடுங்கள். பேரீச்சையில் சர்க்கரை அதிகம். இன்னும் மூன்று நிமிடம் விட்டால் அடி கருகிக் கசக்கும். ஏர் ஃப்ரையர் என்றால் 160 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் போதும்.

எடுத்ததும் பரிமாறாதீர்கள். உள்ளே இருக்கும் பாகு நாக்கைச் சுட்டுவிடும். குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம். ஐந்து நிமிடம் ஆறட்டும், அப்புறம் மேலே இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுத் தட்டை நீட்டுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் பேக் செய்வதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் சில்லென்றே இருக்கும்.