ஒடாவா பாசிமணி உடைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்கப் பழங்குடி உடை என்றால் நம்மில் பலருக்கும் தலை முதல் முதுகு வரை தொங்கும் கழுகு இறகுக் கிரீடம்தான் நினைவுக்கு வரும். அது வட அமெரிக்காவின் நடுவிலுள்ள பெரும் புல்வெளிகளில் வாழ்ந்த சமவெளி மக்களுடையது. ஒடாவா என்ற பழங்குடி மக்களோ அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள பெரும் ஏரிகளின் கரையில் வாழ்பவர்கள். அவற்றில் ஒன்றான ஹியூரான் ஏரியிலுள்ள மனிட்டூலின் தீவும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வட பகுதியும் அவர்கள் மண். ஒஜிப்வே, பொட்டவாட்டமி மக்களைப் போல அவர்களும் அனிஷினாபே இனத்தார். பள்ளிக் கண்காட்சிக்குப் படம் தேடுபவர்கள் முதலில் இதைச் சரிபாருங்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு வேறு. கண்ணாடி மணியையும் கடைத் துணியையும் கண்டதுமே ‘இது அசல் இல்லை’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மணிகள் ஐரோப்பாவிலிருந்து வணிகர்கள் கொண்டுவந்தவைதான். ஆனால் 1790 வாக்கில் மிச்சிகனிலுள்ள மிச்சிலிமாக்கினாக் கோட்டையில் ஆண்ட்ரூ ஃபாஸ்டர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சேர்த்த அனிஷினாபே உடையைப் பாருங்கள். இன்று அது ‘அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகம்’ எனப்படும் பழங்குடியினர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தோலும் முள்ளம்பன்றி முள்ளும் மட்டுமல்ல, பருத்தி, கம்பளி, பட்டு, வெள்ளிப் பதக்கங்கள் எல்லாமே உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, வெளியிலிருந்து வந்த பொருளைத் தங்கள் ரசனைக்கு வளைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அதைக் கலப்படம் என்பது அநியாயம்.

மணி வேலை எல்லாவற்றையும் ‘நெய்தது’ என்று எழுதிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. தறிச்சட்டத்தில் நெய்தால் மணிகள் நேர் வரிசையில் விழும், அதனால் கோணக் கோணமான வடிவங்களே எளிதில் வரும். வளைந்து ஓடும் கொடியும் பூவும் பெரும்பாலும் துணிமேல் தைத்தவை: ஓர் இழையில் மணிகளைக் கோர்த்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை இன்னொரு ஊசியால் தையல் போட்டுப் பிடிப்பார்கள். அப்புறம், இடைக்கச்சை. அது தறியே இல்லாமல் விரல்களால் பின்னுவது. பல கச்சைகளில் தெரியும் வெள்ளை மணிகள் பின்னும்போதே நூலோடு சேர்ந்தவை.

மணி வைத்த உடையை ஹேங்கரில் மாட்டாதீர்கள். எடை தாங்காமல் தையல் அறுந்துவிடும். தட்டையாகக் கிடத்துங்கள். புகையிட்டுப் பதப்படுத்திய தோலைத் தண்ணீரில் நனைக்கவே வேண்டாம். பழைய சேகரிப்புகளில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் தூவியிருக்கக்கூடும், வெறுங்கையால் தொடாதீர்கள்.

அமெரிக்காவில் வாங்குவதாக இருந்தால், செய்தவர் பெயரையும் அவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது அங்கே 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.